டில்பெக்கின் பீச் பழங்களும் தேசப் பாதுகாப்பும்

பீச் பழத்துக்குப் பொறுமை கிடையாது. ஆப்பிள் காத்திருக்கும். உருளைக்கிழங்கு அடுத்த தேர்தல் வரைகூடக் காத்திருக்கும். பீச் மட்டும் கனிந்த மறுநாளே முகம் சுளிக்க ஆரம்பித்து, அதற்கடுத்த நாள் குளவிகளுக்கு விருந்து வைத்துவிடும்.

இதை நான் ஓரின் டில்பெக்குக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வர்ஜீனியாவில் ஃபோர்ட் கார்வெல் என்ற ராணுவ முகாமின் பின்வேலியை ஒட்டி அவனுடைய பீச் தோட்டம். ரிச்மண்ட் சந்தையில் அந்தப் பழத்தை மொத்தமாக எடுப்பவன் நான். முந்தைய இரண்டு வசந்தத்திலும் பனி விழுந்து பூவெல்லாம் கருகிப்போனது. அந்த ஜூலையில்தான் கிளை முறியக் காய்த்திருந்தது. இந்த மகசூலும் போனால் தோட்டத்தை விற்றுவிட்டு, தன் தம்பி நடத்தும் கார் கழுவும் நிலையத்தில் ஓரின் வேலைக்குச் சேர வேண்டும் என்று அவன் மனைவி நடீன் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அந்த மைத்துனனோடு ஒரு மணி நேரம் பேசியவர்களுக்குத்தான் இதன் கொடுமை விளங்கும்.

தோட்டத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு ஒரே வழிதான். அது முகாமின் ஓரமாகப் போகிறது. பழம் பறிக்க ஆரம்பித்த வாரம் ராணுவம் அந்த வழியை மூடியது. போர் ஒன்றும் வரவில்லை. சாரணர் பெருவிழா வந்துவிட்டது.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதிலுமிருந்து சாரணச் சிறுவர்கள் அந்த முகாமில் வந்து கூடுவார்கள். காட்டில் யார் துணையும் இல்லாமல் தன் கையே தனக்கு உதவி என்று வாழக் கற்றுக்கொள்வது விழாவின் நோக்கம். அதைக் கற்றுக்கொடுப்பதற்காக ராணுவம் அவர்களுக்குக் கூடாரம் அடித்து, குழாய் போட்டு, கழிப்பறை கட்டி, எலுமிச்சைச் சாற்றில் ஐஸ் போட்டுக் கொடுக்கும். பையன்கள் வந்திறங்கிக் கூடாரக் குச்சிகளைப் பையிலிருந்து உருவுவதற்குள் கூடாரமெல்லாம் அடித்து முடிந்திருந்தது. அவர்கள் மனம் நோகக்கூடாது என்று, கூடாரம் அடிப்பதை நின்று பார்த்ததற்காக ஒரு புதிய சின்னம் தைத்துக் கொடுத்தார்கள்.

நான் என் காரைத் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்துபோனேன். உட்பக்கம் ஓரினின் லாரி நின்றது. தடுப்பருகே ஒரு சார்ஜென்ட், முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

"வழி கிடையாது சார்."

"இது நான் பொறந்ததுலேர்ந்து போற ரோடுய்யா!" என்றான் ஓரின்.

"சாரணர் சம்பந்தப்பட்டதுக்கு மட்டும்தான் அனுமதி."

"வண்டியில இருக்கறது பழம். தொட்டுப் பாரு, விரல் வச்சா குழியுது. இன்னிக்குப் போகலேன்னா ஜாம்கூடப் போட முடியாது."

சார்ஜென்ட் எட்டிப் பார்த்தார். "பழம் சாரணரா சார்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

என் அப்பாவும் அம்மாவும் சந்தையில் எதிரெதிர்க் கடை போட்டிருந்தவர்கள். சாப்பாட்டு மேசையில் உப்புச் சீசாவுக்குக்கூட பேரம் பேசித்தான் வாங்குவோம். மூடிய கதவைப் பார்த்தால் அது முதல் விலை என்றுதான் எனக்குத் தோன்றும். நான் முன்னால் வந்தேன்.

"சார்ஜென்ட், முழு லாரி வேணாம். பாதி?"

"லாரி பாதியா வராது சார்."

"சரி, நாங்க ரெண்டு பேரும் கழுத்துல சாரணர் துண்டு கட்டிக்கிட்டு ஓட்டிட்டு வந்தா?"

இதை அவர் யோசித்தார். வானத்தைப் பார்த்துக்கூட யோசித்தார். "உங்களுக்கு வயசு தாண்டிடுச்சு சார்."

ஒரு பழத்தை எடுத்து நீட்டினேன். கடித்தார். சாறு முழங்கை வரை ஓடியது. "ரொம்பப் பிரமாதம்," என்றார். "இது அழுகிப்போறது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

அப்போது எங்களைத் தாண்டி ஒரு பெரிய வண்டி தடையில்லாமல் உள்ளே போனது. அதன் முதுகில் மூன்று ஐஸ்கிரீம் இயந்திரங்கள்.

"அது என்ன?" என்றான் ஓரின்.

"மன உறுதித் தளவாடம் சார்."

சத்தம் கேட்டுக் கர்னல் ஓக்லி ஜீப்பில் வந்தார். விழாவுக்கான ராணுவ ஏற்பாடுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அயர்ன் செய்த மனிதர். உடையைச் சொல்லவில்லை, அவரையே யாரோ அயர்ன் செய்தது போலிருப்பார். கூடவே வாஷிங்டனிலிருந்து வந்த, சபைக் குழுத் தலைவரின் உதவியாளர், இடுப்புவரை பையும் காதுவரை போனுமாக.

"மிஸ்டர் டில்பெக், இந்த ரோட்டைத் தெறக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் கர்னல். "இது பிரதிநிதிகள் சபை ஒப்புதல் குடுத்த ஏற்பாடு. சபை ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் தெறந்துடுறேன்." சபை அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை என்று தெரிந்தவரின் நிம்மதி அவர் குரலில் இருந்தது.

"அப்ப அங்கயே போறேன்!" என்று ஓரின் கத்தினான். "ராணுவம் வந்ததால எங்க வாழ்க்கை என்ன ஆச்சுன்னு அத்தன பேர் முன்னாடியும் சொல்றேன்!"

உதவியாளர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "நிஜமாவா சார்? சபையில வந்து சொல்லுவீங்களா?"

"மைக்கைக் குடுத்துப் பாருய்யா."

உதவியாளரின் கண் கலங்கிவிட்டது. விஷயம் இதுதான். ஒரு தனியார் சாரணர் கழகத்துக்கு ராணுவம் ஏன் கூடாரம் அடிக்க வேண்டும் என்று யாரோ வழக்குப் போட்டிருந்தார்கள். அதனால் வெகுண்ட சபை, ராணுவ ஆதரவு என்றென்றும் தொடர ஒரு சட்டம் கொண்டுவரத் துடித்தது. மறுநாள் காலை குழு விசாரணை. முகாமுக்குப் பக்கத்தில் வசிக்கும் சாதாரணக் குடிமகன் ஒருவன் அதில் சாட்சி சொல்ல வேண்டும். ஏற்பாடு செய்திருந்த சாதாரணக் குடிமகன் முழங்கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டான்.

சாட்சி என்பவர் சாரணர் சம்பந்தப்பட்டவர் ஆகிவிட்டதால் சார்ஜென்ட் ஓரினுக்கு சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கினார். சாட்சியின் கைப்பொருள் என்ற கணக்கில் ஒரு பெட்டிப் பழமும் வெளியே வந்தது. மிச்ச லாரி வெயிலில் நின்றது.

என் காரில் வாஷிங்டன் போகிற வழியெல்லாம் ஓரின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் தூக்கித் தூக்கி முகர்ந்து பார்த்தான். "சால், வாசனை மாறுதுய்யா," என்று என்னை உலுக்கினான். "ஆரம்பிச்சிடுச்சு."

"மூடு. தெறக்கத் தெறக்கத்தான் சீக்கிரம் பழுக்கும்."

மூடினான். மறுபடி திறந்தான்.

*

விசாரணைக் கூடத்தில் உறுப்பினர்கள் உயரமான மேடையில் வளைவாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் கழுத்தில் தங்கள் சிறுவயதுச் சாரணர் துண்டு. பம்ப்ரி என்ற உறுப்பினர் சிறுவயதுச் சட்டையையே போட்டு வந்திருந்தார். பொத்தான்கள் எல்லாம் விசாரணை முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் குழுத் தலைவர் வெண்டல் ஹார்க்ரோவ், கையில் மரச் சுத்தியல்.

ஓரின் சாட்சி மேசையில் கர்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பெட்டி அவன் காலடியில். நான் அவன் முதுகுக்குப் பின்னால்.

எனக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போனது. அதுவும் ஒரு சந்தைதான். அங்கே சரக்கு நேரம். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். ஒருவர் இன்னொருவருக்கு அதில் கொஞ்சம் கடன் கொடுப்பார், வாங்கியவர் அவரைப் புகழ்ந்து செலவழிப்பார், கடைசியில் மிச்சமே இல்லாதபோது "மீதியுள்ள என் நேரத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று பெருந்தன்மையோடு அறிவிப்பார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. என் அறிக்கையைப் பதிவில் சேர்க்க வேண்டும், நான் சாரணனாக இருந்தபோது செதுக்கிய மர வாத்தின் படத்தைப் பதிவில் சேர்க்க வேண்டும் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் தலைவர், "ஆட்சேபம் இல்லாததால் அவ்வாறே ஆணையிடப்படுகிறது" என்று சொல்லிச் சுத்தியலால் தட்டுவார். ஆட்சேபம் உண்டா என்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. கேட்டதற்கும் தட்டியதற்கும் நடுவில் ஒரு தும்மலுக்குக்கூட இடமிருக்காது.

தலைவர் தொடங்கினார். "இன்னிக்கு நம்ம முன்னாடி ஒரே ஒரு கேள்விதான். நம்ம பையன்களுக்குக் கூடாரம் அடிக்கறதா, இல்ல இந்த நாட்டை எதிரி கையில குடுக்கறதா? நடுவில வேற வழி இருக்கறதா நான் நினைக்கல. திறந்த மனசோட விசாரிப்போம்."

அந்தக் குழுவில் இதை எதிர்த்தவர் ஒருவர்தான். மார்னி வெஸ்கோட் என்ற உறுப்பினர். மூக்கின் நுனியில் கண்ணாடி.

"கர்னல் ஓக்லி, பையன்களுக்குக் கழிப்பறை கட்டறதுல ராணுவத்துக்கு என்ன லாபம்?"

"பயிற்சி, மேடம். போர் வந்தா ஒரு நகரத்தையே ராத்திரியோட ராத்திரியா நிறுத்தியாகணும். அதுக்கான ஒத்திகை."

"சரி. போன வருஷம் புயல்ல வீடு போனவங்க கூடாரம் கேட்டாங்களே. அங்க போய் ஒத்திகை பாத்திருக்கலாமே?"

கர்னல் வருத்தத்தோடு தலையசைத்தார். "புயல்ல அடிபட்டவங்க நேரத்துக்கு வர்றதில்ல மேடம். முன்கூட்டித் தகவல் கிடையாது. எத்தன பேர்னு சொல்ல மாட்டாங்க. வந்தாலும் வரிசையில நிக்கறதில்ல. சாரணர்கள் நாலு வருஷம் முன்னாடியே தேதி குடுத்துடுறாங்க."

மேடையில் பலமான கைதட்டல்.

"இதுவரைக்கும் இந்த விழாவை எந்த எதிரியாவது தாக்கியிருக்கானா?"

"ஒருத்தன்கூட இல்ல மேடம்."

"அதான் பாருங்க!" என்று பம்ப்ரி துள்ளினார். ஒரு பொத்தான் அத்துடன் பதவி விலகியது. "ஒருத்தன்கூட இல்ல! ஐஸ்கிரீம் மட்டும் இல்லேன்னு வச்சுக்கங்க, இந்நேரம் எங்க இருந்திருப்போம்? தலைவர் அவர்களே, சாரணப் பயிற்சி ஒரு மனுஷன என்ன ஆக்கும்னு காட்ட, பதினோரு வயசுல கத்துக்கிட்ட முடிச்சைச் செஞ்சு காட்ட அனுமதி வேணும்."

"ஆட்சேபம் இல்லாததால் அவ்வாறே ஆணையிடப்படுகிறது." டொக்.

பம்ப்ரி பையிலிருந்து ஒரு கயிறு எடுத்து, மைக்கின் கழுத்தைச் சுற்றி, தன் மணிக்கட்டைச் சுற்றி, எதையோ உள்ளே நுழைத்து இழுத்தார். முடிச்சு பிரமாதமாக இறுகியது. பிறகு அவிழ்க்கப் பார்த்தார். பக்கத்து உறுப்பினர் அவிழ்க்கப் பார்த்தார். ஒரு ஊழியர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

"கயிறை வெட்டக் கூடாது!" என்று பம்ப்ரி அலறினார். "சாரணன் கயிறை வெட்ட மாட்டான்!"

ஆகவே மதியம் வரை அவர் மைக்கோடு கட்டுண்டே இருந்தார். அவர் மூச்சு விடுவது கூடம் முழுக்கக் கேட்டது.

ஓரினால் உட்கார முடியவில்லை. பெட்டியிலிருந்து இனிப்பும் புளிப்பும் கலந்த மணம் கிளம்பியிருந்தது. எங்கிருந்தோ ஒரு குளவி வந்து மேசைக்கு மேல் சுற்றியது. கர்னல் அதை இமை கொட்டாமல் கண்காணித்தார். ஓரின் முழங்காலை ஆட்டி ஆட்டி மேசையே நடுங்கியது.

"எப்ப நம்ம முறை வரும்?" என்று திரும்பிக் கிசுகிசுத்தான்.

"வரும். உக்காரு."

"லாரி வெயில்ல நிக்குது சால்."

கடைசியில் தலைவர் அவன் பக்கம் திரும்பினார். மேடைச் சிரிப்பு ஒன்று விரிந்தது. "இப்ப நம்மகிட்ட ஒரு சாதாரண மனுஷர் வந்திருக்கார். மண்ணோட மகன். ராணுவம் பக்கத்துல இருக்கறது அவர் வாழ்க்கையில என்ன மாற்றம் கொண்டுவந்துச்சுன்னு அவரே சொல்லட்டும். சொல்லுங்க மிஸ்டர் டில்பெக், பயப்படாதீங்க."

ஓரின் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான். "ஐயா, ராணுவம் வந்ததுலேர்ந்து என்னால வீட்ட விட்டு வெளிய போகவே முடியல."

"கேட்டீங்களா?" தலைவர் சபையைப் பார்த்தார். "அவ்வளவு பாதுகாப்பு. வெளிய போகவே மனசு வரல."

"அது இல்லீங்க. விடிஞ்சா ஹெலிகாப்டர், பொழுது சாஞ்சா ஹெலிகாப்டர். என் பொண்டாட்டி தூங்கியே நாளாச்சு."

"தூங்காத காவல்!" என்று பம்ப்ரியின் மைக் முழங்கியது.

"ஐயா, என் பழமெல்லாம் அழுகுது! போக வழியில்ல! எனக்கு வேற போக்கே இல்ல!"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு விவசாயி தன் மகசூலையே தியாகம் பண்றார், நண்பர்களே. எதுக்கு? நம்ம பையன்களுக்காக. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கைதட்டல் அடங்க நேரமானது. மேசையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரின் நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனை அதற்கு முன் ஒரு முறைதான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பூ கருகின காலையில்.

முகம் பார்த்துச் சரக்குத் தள்ளுவது என் தொழில். தலைவர் அப்போது உதவியாளர் பக்கம் முக்கால்வாசி திரும்பி, மதியச் சாப்பாட்டுக்கு வான்கோழி சாண்ட்விச்சா, ஹாம் சாண்ட்விச்சா என்று தாழ்ந்த குரலில் ஆழமாக விவாதித்துக்கொண்டிருந்தார்.

"ஓரின்," என்றேன் அவன் காதில், "புலம்பாத. இங்க புலம்பினா கைதட்டுவாங்க. கேட்டாத்தான் குடுப்பாங்க. இவ்வளவு நேரம் பாத்துட்டிருந்தியே! அவங்க கேக்கற மாதிரியே கேளு. ஒரே மூச்சுல. இப்பவே."

ஓரின் மைக்கை அருகில் இழுத்தான். "தலைவர் அவர்களே, ஃபோர்ட் கார்வெல் பின்வழிய என் பீச் பழத்துக்குத் தெறந்துவிடணும்னும், அதைக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்கு ராணுவம் எல்லா ஒத்தாசையும் பண்ணணும்னும் கேட்டுக்கறேன்."

"ஆட்சேபம் இல்லாததால் அவ்வாறே ஆணையிடப்படுகிறது." டொக். "கடுகு சாஸ் வேணாம்," என்று தலைவர் உதவியாளரிடம் தொடர்ந்தார்.

கூடத்தில் பம்ப்ரியின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மார்னி வெஸ்கோட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தலைவர் அவர்களே, இப்ப என்ன ஆணையிட்டீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

தலைவர் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் சந்தையில் நிறையப் பார்த்திருக்கிறேன். தராசைப் பார்க்காமல் விலையைச் சொல்லிவிட்டு, வாங்குபவன் கையை நீட்டியதும் விழிக்கும் முகம். உதவியாளர் அவர் காதில் வேகமாக ஏதோ ஓதினார். காது சிவந்தது.

நான் கவனிக்கவில்லை, திரும்பப் பெறுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் கவனிக்கவில்லை என்று அந்த மேடையில் இதுவரை யாரும் சொன்னதில்லை. அதை முதல் முதலாகச் சொல்வதைவிட ஒரு ராணுவத்தை நகர்த்துவது அவருக்கு எளிதாக இருந்தது.

"நான் ஆணையிட்டதைத்தான் ஆணையிட்டேன்," என்றார் மெதுவாக. "ரொம்ப நாளா யோசிச்சு எடுத்த முடிவு. பழம்னா என்ன? பழம்கறது... இளமை. இந்த நாட்டோட இளமை கனிஞ்சு நிக்கும்போது, அதை ரோட்டோரம் அழுக விடச் சொல்றீங்களா? எதிரி அதைத்தானே எதிர்பார்க்கறான்?"

"பழத்துக்கும் சாரணருக்கும் என்ன சம்பந்தம்?"

"சாரணர்கள் பழம் சாப்பிடறதில்லைன்னு சொல்றீங்களா மேடம்? இதைப் பதிவில சேக்கலாமா?"

பம்ப்ரி கட்டுண்ட கையை மைக்கோடு சேர்த்து உயர்த்தி ஆதரித்தார்.

கர்னல் எழுந்து விறைப்பாக நின்றார். "தலைவர் அவர்களே, ஒரே ஒரு விளக்கம். ராணுவம் சும்மா பழம் தூக்க முடியாது. இது உதவியா, பயிற்சியா?"

"பயிற்சி!" என்று மேடை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அன்று அவர்கள் ஏகமனதாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

*

சாயங்காலமே ராணுவம் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. வழியை விடுங்கள், லாரியை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று ஓரின் எவ்வளவோ மன்றாடினான். அதில் பயிற்சி எதுவும் இல்லை என்று கர்னல் மறுத்துவிட்டார்.

சிப்பாய்கள் முகத்தில் பச்சை பூசிக்கொண்டு பழம் பறித்தார்கள். கனிந்த பழங்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்து, பிழைக்கும், பிழைக்காது என்று பிரித்தார். பிழைக்காதவற்றுக்குப் பக்கத்தில் சிப்பாய்கள் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு, பிறகு சாப்பிட்டார்கள். ஒரு ஹெலிகாப்டர் வலையில் பழத்தைக் கட்டித் தூக்கியது. அந்த வலை நெடுஞ்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் இருந்தது சர்பத்.

லாரியை வழிமறித்த அதே சார்ஜென்ட்தான் மிச்சப் பெட்டிகளுக்குப் பொறுப்பு. விதி இன்னும் மாறவில்லை, சாரணர் சம்பந்தப்பட்டது மட்டும்தான் போகலாம் என்று அவர் வாதாடியிருக்கிறார். ஆகவே ஒவ்வொரு பெட்டியின் கழுத்திலும் ஒரு சாரணர் துண்டை அவரே கட்டி, முடிச்சைச் சரிபார்த்து, கவச வண்டியில் ஏற்றினார்.

"இப்ப பழம் சாரணரா?" என்றேன்.

"ஆமா சார்," என்றார் நிம்மதியாக.

பாதிக்குமேல் பழம் நல்லபடியாக ரிச்மண்டுக்கு வந்து சேர்ந்தது. கவச வண்டி பின்னாலேயே பேண்டு வாத்தியம் வந்ததால் சந்தையே திரண்டது. துண்டு கட்டின பெட்டிதான் வேண்டும் என்று ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். கவச வண்டியில் வராத பெட்டிக்கும் நானே ஒரு துண்டை வாங்கிக் கட்டினேன் என்று பின்னால் சிலர் கதை கட்டினார்கள். அது சந்தைப் பேச்சு.

தோட்டம் தப்பியது. கார் கழுவும் மைத்துனன் வேறு ஆள் தேடினான். எல்லாம் முடிந்து ஓரினை வீட்டில் விடப் போனபோது தடுப்பு மறுபடி குறுக்கே விழுந்தது.

"பழத்துக்கு மட்டும்தான் அனுமதி சார்," என்றார் சார்ஜென்ட்.

"நான் பழத்தோட சொந்தக்காரன்யா!"

"நீங்க பழம் இல்லையே சார்."

கடைசியில் துண்டு கட்டிய காலிப் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓரின் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். நடீன் வாசலில் நின்று சிரித்த சிரிப்பு ஹெலிகாப்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்பார்கள்.

*

அடுத்த பெருவிழாவுக்கு முன்னால் மறுபடி விசாரணை வைத்தார்கள். இந்த முறை வழக்கு, ராணுவம் ஏன் ஆண்டுதோறும் பீச் பழம் சுமக்க வேண்டும் என்பது.

நானும் போயிருந்தேன். ஹார்க்ரோவ்தான் இப்போதும் தலைவர். ஓக்லி ஜெனரலாகி, இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தார். ஓரின் அவருக்குப் பக்கத்தில் சாம்பல் நிற கோட்டில், சட்டையில் ஒரு தங்கப் பீச் பின் குத்தியிருந்தான். முழங்கால் ஆடவில்லை.

"மிஸ்டர் டில்பெக்," என்றார் மார்னி வெஸ்கோட், அதே கண்ணாடி, அதே மூக்கு நுனி, "உங்க லாரியை நீங்களே ஓட்டிட்டுப் போனா என்ன?"

ஓரின் மைக்கை லேசாகத் தொட்டுச் சரிசெய்தான். "மேடம், ஒரு பீச் பழத்தை நசுங்காமக் கொண்டுபோற சிப்பாய், நாளைக்கு எதை வேணா நசுங்காமக் கொண்டுபோவான். இந்தப் பயிற்சி ஆரம்பிச்சதுலேர்ந்து எந்த எதிரியாவது ஒரு பழத்தைத் தொட்டிருக்கானா? ஒருத்தன்கூட இல்ல. அதான் பாருங்க."

மேடையில் கைதட்டல். ஜெனரல் அவன் தோளில் தட்டினார். "மீதியுள்ள என் நேரத்தைத் திருப்பித் தர்றேன்," என்றான் ஓரின். யாரும் அவனுக்கு நேரமே கொடுத்திருக்கவில்லை.

இடைவேளையில் நடைபாதையில் ஒரு பெண் அவனை வழிமறித்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் துணி போட்டு மூடிய கூடை. ரோண்டா ஃபிட்ச், முகாமின் மேற்கு வேலியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவள் என்று அவளே சொன்னாள்.

"ஓரின், உங்க பழ வண்டி அணிவகுப்புன்னு எங்க ரோட்டை மூடிட்டாங்க. ஒரு வாரமா முட்டை தேங்கிக் கெடக்கு. இந்த வெயில்ல எத்தன நாள் தாங்கும்? உங்களுக்குத் தெரியாததா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

ஓரின் பொறுமையாகக் கேட்டான். அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

"கஷ்டமாத்தான் இருக்கு மேடம்," என்றான். "ஆனா உங்க கோழிங்க சாரணரா?"

சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். இடைவேளை முடிந்ததும் அவள் சாட்சி மேசைக்குப் பின்வரிசையில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூடை மடியில். அவள் காலாட்டியதில் முட்டைகள் ஒன்றோடொன்று உரசி மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"நம்மளயெல்லாம் எப்பங்க கேப்பாங்க?" என்றாள் என்னிடம்.

"கேக்க மாட்டாங்க. நீங்கதான் கேக்கணும். முன்னாடி ஒரு மைக் சும்மா இருக்கு பாருங்க. தலைவர் உதவியாளர் பக்கம் திரும்பறப்ப, ஒரே மூச்சுல."

அவள் நாற்காலியை மைக் பக்கம் நகர்த்தி, உதட்டை நனைத்துக்கொண்டு, தலைவரின் முகத்தையே பார்த்தாள். அவரும் திரும்பத் தொடங்கினார். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றேன் தாழ்ந்த குரலில். "அதுக்கு முன்னாடி பேசிடுவோம். டஜன் என்ன விலைக்குத் தருவீங்க?"